முதலில் பணமா, பீம் டைமா?

[திரையில்: சாமணத்தின் நுனியில் ஒரு சின்னக் கருப்பு வில்லை]

இந்த வில்லையைப் பாருங்கள். ஆய்வகத்தில் இதற்குப் பெயர் பெல்லட். ஆக்சைடு பொடிகளை அகேட் உரலில் மணிக்கணக்காக அரைத்து, அச்சில் வைத்து அழுத்தி, 1,200 டிகிரியில் சுட்டெடுத்தது. பொடிக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகியிருக்கும். ஆனால் 'குளிர வைத்தால் இதன் காந்தத் தன்மை ஏன் மாறுகிறது' என்று கேட்டுவிட்டால், அதைப் பார்க்கும் கருவி கோடிக்கணக்கில் போகிறது. ஊர்ப்பக்கக் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் அதற்கு எங்கே போவார்?

கேட்டால் எல்லாரும் கைகாட்டுவது ஏஎன்ஆர்எஃப், அதாவது ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பு. முன்பு அந்த வேலையைச் செய்த செர்ப் அமைப்பு, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்குள் சேர்ந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி என்றபோது பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதில் அரசு போடுவது 14,000 கோடி. மிச்சம் 36,000 கோடி பெரும்பாலும் தனியார் பக்கமிருந்து வரவேண்டும் என்பது திட்டம். பேட்டரி செய்கிறேன் என்பவருக்குக் கம்பெனிக்காரர் காசு தருவார். காந்தம் ஏன் இப்படி என்று கேட்பவருக்குத் தருவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. நமக்கு அந்த 14,000 கோடிப் பக்கம்தான்.

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான பிரதமர் பெயரிலான மானியத்தில், மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை கேட்கலாம்.

[திரையில்: பட்ஜெட் அட்டவணை, கையெழுத்தில்]

சரி, 60 லட்சம் எப்படிக் கரைகிறது? ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் ஒரு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டில் 42,000. மொத்தம் 13 லட்சத்து 92 ஆயிரம். வீட்டு வாடகைப் படி தனி. 20 லட்சத்துக்கு வில்லையைச் சுட ஒரு ஃபர்னஸும் அழுத்த ஒரு பிரஸ்ஸும் வாங்கினால் ஜிஎஸ்டி இருக்கிறது. ஆய்வுக் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்ததை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். கொட்டேஷனில் 'வரி தனி' என்று பொடி எழுத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால், 3 லட்சத்து 60 ஆயிரம் துண்டு விழும். அந்தக் காந்தக் கருவி? இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

இங்கேதான் பலர் தவறவிடும் இன்னொரு கதவு இருக்கிறது: யூஜிசி-டிஏஇ கூட்டமைப்பு. யூஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு, டிஏஇ என்பது அணுசக்தித் துறை. அணுசக்தித் துறையின் பெரிய கருவிகளைப் பல்கலைக்கழக ஆட்களுக்குத் திறந்துவிடுவதற்காகவே இருப்பது. தலைமையிடம் இந்தூர், மும்பை, கொல்கத்தாவிலும் மையங்கள் உண்டு, நம் கல்பாக்கத்திலும் ஒரு கிளை. இந்தூரில் கடுங்குளிர், உயர் காந்தப்புல அளவீடுகள், கூடவே செறிவான எக்ஸ் கதிர் தரும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான். மும்பையில் துருவா அணு உலையின் நியூட்ரான்கள். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், அணுக்களின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று மட்டும்: அதற்கு ஒற்றை வில்லை பத்தாது, சில கிராம் பொடி வேண்டும். அரைக்கும்போதே சேர்த்து அரைத்துவிடுங்கள்.

இங்கே முதலில் கேட்பது பணமல்ல, கருவி நேரம். ஆய்வகத்தில் சொல்வது போல, பீம் டைம். மாதிரி என்ன, எந்த வெப்பநிலை, எதற்காக என்று சில பக்கம் எழுதினால் போதும்.

அங்கிருந்து அளவீட்டு வளைகோடு ஒன்றே ஒன்று கையில் வந்த பிறகு ஏஎன்ஆர்எஃப் ப்ரொபோசலைத் திறந்து உட்காருங்கள். '47 கெல்வினில் எதிர்பாராத ஒரு திருப்பம் தெரிகிறது, அது ஏன்?' என்று தொடங்கும் ப்ரொபோசலும், 'இப்பொருள் எதிர்காலத்தில் பல துறைகளில் பயன்படலாம்' என்று தொடங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் படிக்கும் நிபுணர் கொட்டாவி விடுவார். அடிப்படைக் கேள்வி என்றால் அப்படியே சொல்லுங்கள். வராத பேட்டரியைக் கடைசிப் பத்தியில் செருக வேண்டாம்.

[திரையில்: சிறு குப்பிகள், தெர்மோகோல் பெட்டி]

மாதிரிகளைத் தனித்தனிக் குப்பியில் போட்டு, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றும் வைத்து அனுப்புங்கள். அப்புறம், லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். அசிட்டோன் பட்டால் பேனா மை போய்விடும். ஆறு கருப்பு வில்லைகளில் எது எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.