ஏஐக்கு ஐந்தாவது படி வேண்டுமா? மதிப்பீட்டுப் படிவம் பற்றி ஒரு சந்தேகம்

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் வகுப்பு உற்றுநோக்கலின்போது, தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு எஸ்ஏஎம்ஆர் படிநிலையை வைத்து மதிப்பெண் போடுகிறோம். இப்போது பிள்ளைகள் சாட்ஜிபிடி வரை போய்விட்டார்கள். படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறார் எச்.எம். ஏஐக்கென்று ஐந்தாவது படி சேர்க்கலாமா?"

சேர்க்காதீர்கள் டீச்சர். இருக்கிற நாலு படியே போதுமான தொல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏஎம்ஆர் (SAMR) என்பது, தொழில்நுட்பம் வகுப்பு வேலையை எவ்வளவு மாற்றுகிறது என்று நாலு படியாகப் பிரிக்கும் வரிசை; கல்வித் தொழில்நுட்ப ஆலோசகர் ரூபன் புவென்டெடுரா உருவாக்கியது. பழைய கருவி இருந்த இடத்தில் புதியதை வைத்தால் முதல் படி. அதனால் கூடுதல் வசதி கிடைத்தால் இரண்டாவது. பிள்ளைகளுக்குத் தரும் வேலையே கணிசமாக மாறினால் மூன்றாவது. தொழில்நுட்பம் இல்லாமல் நடக்கவே முடியாத வேலை என்றால் நான்காவது.

இப்போது எட்டாம் வகுப்பில் 1806 வேலூர்ப் புரட்சி நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காட்பாடியில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டி, புரட்சி நடந்த வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறார். இன்னொருவர் பிள்ளைகளை பஸ் ஏற்றிக் கோட்டைக்கே கூட்டிப்போகிறார். அகழியையும் மதிலையும் காட்டி, ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எந்த இடத்தை முதலில் பிடித்திருப்பார்கள், ஏன் என்று கேட்கிறார். உங்கள் படிவத்தில் முதலாமவர் உச்சிப் படிக்குப் போய்விடுவார், இரண்டாமவருக்கு ஒன்றும் கிடைக்காது. பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய கோட்டையைக் கண்ணாடிக்குள் பார்த்ததற்கு முழு மதிப்பெண்! ஆனால் இதே பாடம் பீஞ்சமந்தை மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் நடந்தால் என் பதில் வேறு. அங்கே அந்தக் கண்ணாடி, ஏன், முன்கூட்டியே இறக்கி வைத்த ஒரு வீடியோகூட, பெரிய விஷயம்.

இந்தக் குறையைச் சொல்வது நான் மட்டுமில்லை. 2016-இல் ஹாமில்டன், ரோசன்பெர்க், அக்சாவ்லு என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் எஸ்ஏஎம்ஆரை விமர்சித்து எழுதினார்கள். சூழலைக் கணக்கில் எடுப்பதில்லை, படிவரிசை இறுக்கமானது, கற்கும் முறையைவிட விளைபொருளுக்கே முக்கியத்துவம் தருகிறது என்றார்கள். பிஎட் பாடத்தில் டிபேக் (TPACK) படித்திருப்பீர்களே, பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றின் அறிவும் ஆசிரியரிடம் சேர வேண்டும் என்று மிஸ்ராவும் கோலரும் 2006-இல் வெளியிட்டது? அதன் படத்தில் வெளியே புள்ளிக்கோட்டு வட்டமாக வெறுமனே 'சூழல்' என்று இருந்ததை, 2019-இல் மிஸ்ரா 'சூழல் அறிவு' என்று மாற்றினார். அதாவது பள்ளியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அறிந்து நடத்துவதும் ஆசிரியரின் திறமைதான். படிவத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டும்.

மாற்றாக எதை எடுப்பது? எனக்குப் பிடித்தது பிக்ராட் (PICRAT). கிம்மன்ஸ் குழுவினர் 2020-இல் விரிவாக எழுதியது. இது கட்டம். ஒரு பக்கம் பிள்ளை என்ன செய்கிறது: பார்க்கிறதா, ஊடாடுகிறதா, உருவாக்குகிறதா. இன்னொரு பக்கம் ஆசிரியரின் வழக்கமான முறை என்ன ஆனது: கருவி மட்டும் மாறியதா, முறை மேம்பட்டதா, முறையே மாறிவிட்டதா. ஒன்பது கட்டம். ஸ்மார்ட் போர்டில் பிபிடி ஓடினால், அது எவ்வளவு விலை போர்டாக இருந்தாலும், பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பாலாற்றில் அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படி ஓடியது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, சாதாரண போனில் பதிவு செய்து, ஊர்வாரியாக வரைபடத்தில் சேர்த்தால், அது உருவாக்கம்.

ஆனால் ஏஐ வந்ததும் இந்தக் கட்டமும் ஏமாறுகிறது. பாலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தா என்று சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி ஒப்படைத்தாலும் 'உருவாக்கியது' என்று டிக் போட்டுவிடலாம். அதனால் நீங்கள் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: யோசித்தது யார்? ஏஐ தந்ததில் பிள்ளை எதை நீக்கியது, எதைத் தவறு என்று கண்டுபிடித்தது, எதைப் புத்தகத்தில் சரிபார்த்தது? ஒப்படைத்த தாளில் இது தெரியாது. பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினால்தான் தெரியும். உற்றுநோக்க வருகிறவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனால் போதாது.

அப்புறம், மதிப்பெண். அதை எடுத்துவிடச் சொல்லி எச்.எம்மிடம் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் இருக்கும்வரை, உற்றுநோக்கல் நாளன்று மட்டும் ப்ரொஜெக்டர் தூசி தட்டப்படும். அந்தப் பாடத்துக்கு எந்தக் கட்டம் பொருத்தம், ஏன் என்று ஆசிரியரே பாடக்குறிப்பில் இரண்டு வரி எழுதட்டும். பார்வையாளர் அதை வைத்துப் பேசட்டும். கருவியே வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதுவும் சரியான பதில்தான். ஒரு பருவம் இரண்டு பாடங்களில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு படிவத்தை அச்சுக்குக் கொடுங்கள்.