பி.ஃபார்ம் போடும் முன் ஒரு மாதம் மருந்துக்கடையில் நில்லுங்கள்

(திரையில்: சாயங்காலம் ஏழு மணி, பெரம்பூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடை. கவுண்டரில் கையில் சீட்டோடு ஐந்தாறு பேர்.)

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் "பி.ஃபார்ம், அதாவது ஃபார்மசி பட்டப்படிப்பு, போடலாமா?" என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மே மாதம் ரிசல்ட் வரும்வரை கையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதை ஒரு மருந்துக்கடையில் கழியுங்கள் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் சேர வேலை அனுபவம் கேட்பதில்லை. நீட் தேர்வும் வேண்டாம். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாணவர் சேர்க்கைத் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடத்துகிறது. கடையில் நின்றதற்காக ஒரு மார்க்கூட ஏறாது. பிரிட்டனுக்குப் போய்ப் படிப்பவர்கள் கதை வேறு. அங்கே பல பல்கலைக்கழகங்கள் நேர்காணலில் "மருந்தகத்தில் என்ன பார்த்தாய்?" என்று கேட்கும்.

சரி, மார்க் வராது என்றால் எதற்குப் போக வேண்டும்? இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளத்தான். டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை, அதனால் இது என்று சேர்ந்துவிட்டு இரண்டாம் வருஷம் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு உங்களுக்கு வரக் கூடாது.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் முதலில் போன கடையில் ஃபார்மசிஸ்ட் என்று ஒருவரும் இல்லை. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் தொங்கியது. இரண்டாம் நாளே முதலாளி, "சீட்டப் பாத்து நீயே எடுத்துக் குடு" என்றார். மூன்றாம் நாள் நான் போகவில்லை. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் வந்துவிடுங்கள். 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்டுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு மாத்திரைகள் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று வேறு எதற்கோ. நீங்கள் கை மாற்றி எடுத்துவிட்டால் ஒரு குடும்பத்துக்கே ஆபத்து.

அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கே இருந்த ஃபார்மசிஸ்ட் அண்ணன் முதல் வாரம் முழுக்க எனக்குத் தந்த வேலை, ரேக்கில் தூசி தட்டுவதும் எக்ஸ்பைரி பார்ப்பதும்தான். தேதி நெருங்கிய அட்டைகளை முன்னால் வைக்க வேண்டும், முடிந்ததைத் தனிப் பெட்டியில் போட வேண்டும். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே வாரத்தில் இருநூறு மருந்துப் பெயராவது கண்ணுக்குப் பழகிவிட்டது.

(திரையில்: ஒரு மாத்திரை அட்டை, கத்தரிக்கோல்.)

ஒரு நாள் ஒரு பாட்டி வந்து, "நாலே நாலு மாத்திர போதும்பா" என்றார். அண்ணன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடித்திருந்த ஓரத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து நான்கை வெட்டினார். "மிச்சம் இருக்கிற துண்டுல தேதி இருக்கணும். இல்லன்னா நாளைக்கு இது என்னன்னு நமக்கே தெரியாது" என்றார். பாட்டிக்குக் கொடுத்த உறையின் மேல் மருந்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதினார். அரை நிமிஷ வேலைதான். அதற்குள் எவ்வளவு யோசனை பாருங்கள்!

இன்னொரு நாள் தைராய்டு மாத்திரை வாங்க ஒரு அம்மா வந்தார். எப்படிப் போடுவீர்கள் என்று அண்ணன் கேட்டதும், "காலைல காபி குடிச்சிட்டு உடனே போட்டுக்குவேன்" என்றார். மாதக்கணக்காக அப்படித்தானாம். காபியோடு சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி என்று அண்ணன் விளக்கினார். அதோடு விடவில்லை, அந்த அம்மாவையே ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்தார்.

நீங்களும் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜைப் பாருங்கள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஹெச்1 பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஹெச்1 என்பது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியல். அதில் இருக்கும் சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து போன்றவற்றைக் கொடுக்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை கொடுத்தோம் என்று எழுதி மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். 2014 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே ஆலத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் தெரிந்தவர் இல்லாமல் பிளஸ் டூ முடித்த பிள்ளையை உள்ளே விடுவது அபூர்வம். அதனால் தெருமுனைக் கடைதான் உங்களுக்குச் சுலபம்.

கேட்கப் போகும் நேரம் முக்கியம். நம் ஊரில் கிளினிக்குகள் பெரும்பாலும் சாயங்காலம்தான் திறக்கும். ஆறு மணிக்கு மேல் கடையில் தலை நிமிர முடியாது. மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். "அண்ணா, ஃபார்மசி படிக்க ஆசை. ஒரு மாசம் கூட நின்னு பாத்துக்கறேன். ரேக் அடுக்கறது, பில் சரிபாக்கறது எதுவானாலும் செய்றேன்" என்று கேட்டால் போதும். சம்பளத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இனி எந்தப் படிப்பு என்று பார்ப்போம். டி.ஃபார்ம் என்ற டிப்ளமோ இரண்டு வருஷம், அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. இப்போது நிற்பது அந்தக் கணக்கில் சேராது. பி.ஃபார்ம் நான்கு வருஷம். ஃபார்ம்.டி என்ற 'டாக்டர் ஆஃப் ஃபார்மசி' படிப்பு ஆறு வருஷம், கடைசி வருஷம் முழுக்க மருத்துவமனையில். சொந்தமாகக் கடை வைக்க ஆசை இருந்தால் டி.ஃபார்மே போதும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் குறைந்த விலையில் மருந்து விற்கும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தபோது, அவற்றை நடத்த டி.ஃபார்ம், பி.ஃபார்ம் இரண்டு படித்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோங்கள். தினமும் ராத்திரி அன்று பார்த்ததை எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் மட்டும் வேண்டாம், அது அவர்கள் சொந்த விஷயம். கலந்தாய்வில் படிப்பைத் தேர்வு செய்வதற்கு முந்தைய நாள் அந்த நோட்டைப் புரட்டுங்கள். மருந்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறீர்களா, வந்த ஆட்களைப் பற்றியா? என் நோட்டில் முக்கால்வாசி ஆட்கள்தான். அந்தப் பாட்டி, அந்த காபி அம்மா. அதைப் பார்த்துத்தான் நான் ஃபார்ம்.டி எடுத்தேன்.