நாயைக் கட்டத் தவறியவரே பொறுப்பு: தொண்டிப் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், வாதங்களை அடுக்கிவைத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், விடிந்தால் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்ற வேண்டியிருந்தும் இந்த நேரம்வரை கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். நாய்க்கடியால் நேரும் உயிர்ப்பலிகளைத் தடுக்கத் தேவை ஆபத்தான இனங்களைத் தடை செய்வதா, வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவதா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவதே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னவற்றில் ஒன்றை நான் மறுக்கப்போவதில்லை. பிட்புல் என்ற நாயினத்தின் முன்னோர்கள் இங்கிலாந்தில் காளைகள்மீது ஏவிவிடப்பட்ட நாய்கள். 1835-இல் அந்த வேடிக்கைக்குச் சட்டம் தடை போட்டபின் நாயோடு நாய் மோதும் சண்டைக்காக வளர்க்கப்பட்டவை. அப்படி வந்த நாய் கடித்தால் நம் தெருநாய் கடிப்பதுபோல் இருக்காது. 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே பிட்புல் கடித்து இறந்தார். அந்தச் செய்தியை எதிரணித் தலைவர் இனத்துக்கு எதிரான சான்றாகக் காட்டினார். நான் அதே செய்தியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன். அந்த நாய் மூதாட்டியின் நாய் அன்று, அவருடைய மகன் வளர்த்த நாய்; கடித்த நேரத்தில் மகன் வீட்டில் இல்லை.

இந்தக் கடற்கரையில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. விடுமுறையில் ஊருக்கு வரும் மகன் ஆசைப்பட்டு ராட்வீலர் என்ற பெரிய காவல்நாய் இனத்தில் ஒரு குட்டியை வாங்குகிறார். இரண்டு மாதம் அதோடு விளையாடுகிறார், படம் எடுக்கிறார், பிறகு வேலைக்காக வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுகிறார். குட்டி வளர்ந்து 50 கிலோவைத் தாண்டும்போது அதன் சங்கிலியைப் பிடித்திருப்பது மூட்டுவலியோடு மாடிப்படி ஏற முடியாத தாயார். சோறு வைக்கும்போது மட்டும் கொல்லைக் கதவைத் திறந்து, தட்டைத் தள்ளிவிட்டு, நாய் எழுவதற்குள் கதவைச் சாத்தும் அந்த அம்மாவிடம் போய் நாயின் மரபணுவைப் பற்றிப் பேசுவதில் என்ன பயன்? அடக்கத் தெரியாதவர் கையில், அடக்க முடியாத நாயை விட்டுச் சென்றவர் செய்த தவறு அது.

இனப் பட்டியலுக்கு வருகிறேன். 2024 மார்ச் 12-ஆம் நாள் ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னது. எதிரணித் தங்கை அதை மிகப் பெருமையாகச் சொன்னார். அவர் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்தாரா என்று எனக்கு ஐயம். தோசா இனு என்று ஓரிடத்தில் இருக்கிறது, ஜப்பானியத் தோசா என்று இன்னோரிடத்தில் இருக்கிறது; இரண்டும் ஒரே நாய். டெரியர்கள் என்று மொத்தமாக ஒரு சொல் இருக்கிறது; அந்தச் சொல்லுக்குள் மூன்று கிலோ எடையில் மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரும் அடங்கிவிடுகிறது. கண்ணியின் அளவு பார்க்காமல் பின்னிய வலை அது, விட வேண்டியதைப் பிடிக்கும், பிடிக்க வேண்டியதை விட்டுவிடும். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும், உரியவர்களின் கருத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டது என்று அதை ரத்து செய்தன.

ரத்து செய்ததால்தானே மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின என்று எதிரணியினர் கேட்கக்கூடும். அந்தச் சுற்றறிக்கை முழு உயிரோடு இருந்திருந்தாலும், ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் நாய்களுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்றுதான் அது சொன்னது. பூங்காவுக்குள் நுழைந்த அந்த இரண்டு நாய்களுக்கும் கருத்தடை ஆகியிருக்கும், கழுத்தில் சங்கிலி ஏறியிருக்காது. சிறுமியைக் காத்திருக்கக்கூடியவை சங்கிலியும் வாய்மூடியும். அவற்றை மாட்ட வேண்டியவர் நாயின் சொந்தக்காரர்.

பட்டியலில் எந்தக் காலத்திலும் ஏறாத நாய்கள் நம் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. உப்பாற்றுக் கழிமுகம் ஒட்டிய இறால் பண்ணைகளில் காவலுக்கு நிற்கும் நாய்களைச் சொல்கிறேன். அவற்றுக்கு என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. எதற்கோ எதற்கோ பிறந்த கலப்பு. பகல் முழுவதும் மோட்டார் கொட்டகைத் தூணில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டுகிறார்கள். தண்ணீர்ச் சட்டி சங்கிலி எட்டாத தூரத்துக்கு உருண்டு கிடக்கும். இரவு பத்து மணிக்கு அவிழ்த்து, குளக்கரையில் யார் நடந்தாலும் பாய வேண்டும் என்று பழக்குகிறார்கள். கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்தக் கரையை ஒட்டித்தான் போகிறது என்பது பண்ணைக்காரருக்கும் தெரியும். அந்த நாய் நாளை ஒருவரைக் கொன்றால் எதிரணியின் தடைச் சட்டம் எந்தப் பக்கத்தைப் புரட்டி அதைத் தேடும்? 2022-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தகவல்களைத் திரட்டிப் பார்த்து, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனத்தால் விளக்க முடிகிறது என்று கண்டது. கடியின் வலிமையை உடற்கட்டு தீர்மானிக்கலாம். கடிக்கும் சூழலை உண்டாக்குவது வளர்ப்பு.

தடையால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புவோர்க்குப் பிரிட்டன் இருக்கிறது. 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடை செய்தது. பிறகு, அந்தப் பட்டியலில் இல்லாத எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய நாய் பரவி, ஆட்களைக் கொன்று, 2023 இறுதியில் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பட்டியல் பார்த்துக்கொண்டே இருந்தது. அதே சட்டத்தில் இனம் பார்க்காத பிரிவு ஒன்றும் உண்டு. நாய் கட்டுமீறி ஆபத்தாக நடந்தால் அது எந்த நாயாயினும் சொந்தக்காரர் குற்றவாளி. 2014-இல் அதை வீட்டுக்குள் நடப்பதற்கும் நீட்டி, உயிர் போனால் 14 ஆண்டுவரை சிறை என்று ஆக்கினார்கள். நெதர்லாந்து 2008-இல் பிட்புல் தடையையே கைவிட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2001-இல் அடுக்குமாடி நடைக்கூடத்தில் ஒரு பெண்ணை இரண்டு நாய்கள் கொன்ற வழக்கில், நாய் வளர்த்த வழக்கறிஞர்மீது கொலைக் குற்றமே உறுதியானது. அந்த நாய்கள் முன்பே பலரை மிரட்டியிருந்தன, அது தெரிந்தும் அவர் வாய்மூடி போடாமல் வெளியே கொண்டுவந்தார் என்பது வழக்கில் முதன்மையாக நின்றது.

இப்போது எதிரணியின் வலுவான கேள்விக்கு வருகிறேன். பொறுப்பு என்பது செத்த பிறகு வரும் சட்டம், தடை என்பது சாகும்முன் வரும் சட்டம் என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவை அவர்கள் படித்திருந்தால் அந்தக் கைதட்டலை வாங்கியிருக்க மாட்டார்கள். தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுவதே அங்கே குற்றம். யாரையும் கடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே 289-ஆம் பிரிவாக இருந்தது இது. அதோடு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ், ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கவோ அப்புறப்படுத்தவோ கோட்டாட்சியரே உத்தரவிட முடியும். இறால் பண்ணைக் கரையில் நடக்க அஞ்சும் ஒரு பெண், கடிபடும் முன்பே மனு எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த மனுவை வாங்கி வைக்கும் மேசையில்தான் தூக்கம் இருக்கிறது.

சட்டம் இருப்பதுபோலவே போதும் என்றும் நான் சொல்லவில்லை. 291-ஆம் பிரிவின் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல ராட்வீலர் குட்டி ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட அந்த அபராதம் வராது. உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டுவரை சிறை உண்டு. ஆனால் வழக்குப் பதியும்போது அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் குடும்பத்தார் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கக் கூடாது. அபராதத்தைக் கூட்டுங்கள், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டை நாயின் சொந்தக்காரரிடமே வசூலியுங்கள் என்று எதிரணியினரும் எங்களோடு சேர்ந்து கேட்கலாம். அதற்கு இனப் பெயர் ஒன்றுகூடத் தேவையில்லை. நம் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் அந்நியரை அண்டவிடாத நாய்கள்தாம் என்பதால், டெல்லியில் எழுதும் பட்டியல் நாளை எங்கே வந்து நிற்கும் என்பதையும் அவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

ஊர்தோறும் நாயைக் கணக்கெடுத்துக் கண்காணிக்க ஆள் எங்கே என்று எதிரணித் தலைவர் கடைசியாகக் கேட்டார். வெறிநோய்த் தடுப்பூசிக்காக நாய் ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருந்தகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே கொடுக்கும் சீட்டில் நாயின் அடையாளத்தை எழுதும் இடத்துக்குக் கீழே, அதைப் பிடித்துக் கட்டக்கூடிய ஆளின் பெயரை எழுதி, அவரை நேரில் நிறுத்திக் கையெழுத்து வாங்கட்டும். அந்த ஆள் துபாயில் இருந்தால், நாயை அடக்கத் தெரிந்த வேறொருவர் வந்து கையெழுத்திடும்வரை அந்த வீட்டில் அந்த நாய் இருக்கக் கூடாது என்று ஊராட்சி முடிவெடுக்கட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி.