கேஸ் ஷீட் கேட்டவர்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். மருத்துவர் மீது வழக்கு ஏன் வருகிறது, நோயாளியோடு உறவு எங்கே முறிகிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டத்தை வக்கீல்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரு மகனைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். சர்க்கரை வியாதி, கால் விரலில் புண். விரல் கறுத்துப்போனதால் எடுக்க வேண்டி வந்தது, எடுத்தேன். பத்து நாள் ஆகியும் புண் ஆறவில்லை. ஒரு காலை மகன் வந்து, "சார், கேஸ் ஷீட் ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சிகிச்சை விவரமெல்லாம் எழுதியிருக்கும் அந்தத் தாள்களோடு வக்கீலிடம்தான் போகப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். "நாளைக்கு வாங்க" என்று நர்சைவிட்டுச் சொல்லச் சொன்னேன். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே என் அறைக்குள் வந்துவிட்டார்.

"ஜிப்மருக்கு இட்டுக்கினு போறேன் சார். இதுவரைக்கும் என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

விஷயம் அவ்வளவுதான். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டுக்கு பஸ் ஏற நின்றவரை நானே கோர்ட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். உள்நோயாளியின் தாள்களை, சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். நான் அந்த 72 மணி நேரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

பிரதி எடுப்பதற்காகத் தாள்களைப் புரட்டும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து மருமகனுடையது. அந்த அம்மாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. தியேட்டருக்குப் போகும்வரை பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். விரல் அவருடையது, கையெழுத்து வேறொருவருடையது. படிவமோ ஆங்கிலத்தில். மருமகன் அதைப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. நானே எத்தனை முறை படித்திருப்பேன் என்பது வேறு கதை.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்லி வழக்கு ஒன்று இதைப் பற்றியதுதான். சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண் உள்ளே படுத்திருக்க, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலை இல்லை. வயது வந்த பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

அந்த அம்மாவின் படிவத்தைப் பார்த்த பிறகு, அவசரம் இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டேன். முந்தின நாளே நோயாளியிடம் தமிழில் சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்கிறேன். ஒரு பெரியவர் சொன்னார்: "விரல எடுத்துட்டா சர்க்கரை போயிடும்னு சொன்னீங்க." நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சொல்லாமல் விட்ட வார்த்தைக்கு விலை உண்டு. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரை பாதிக்கப்படலாம், சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு 1.8 கோடி ரூபாய்.

என் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே முடிவான விஷயம், அதில் இனியும் புலம்பிப் பயனில்லை. குற்ற வழக்கில் நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது: வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து இல்லாமல், ஒருவர் நேராக நீதிமன்றத்தில் கொடுக்கும் தனிப்புகாரை ஏற்கக்கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் பிறகு திருத்துகிறவரை எந்தத் தீர்ப்பும் காப்பாற்றாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசினால் கள்ளத்தனமாகத்தான் தெரியும்.

மகன் அன்று மாலையே பிரதியோடு கிளம்பினார். மூன்று மாதம் கழித்து அந்த அம்மா தானே நடந்து வந்து, காலை நீட்டிக் காட்டினார்.

"புண்ணு ஆறிடுச்சு டாக்டரு. ஆனா விரல எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்மா" என்றேன்.

"சரி விடு" என்று சொல்லிவிட்டு, செருப்பு எது போடலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வணக்கம்.