தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா நீங்க?

போன தடவை மெண்டல்ங்கிற துறவி பட்டாணிச் செடிகளைக் கலந்து பார்த்த கதையைப் பேசினோம்ல, அதைப் பார்த்துட்டு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "சார், அப்பா ஏ குரூப், அம்மா பி குரூப், நான் மட்டும் ஓ. தவிட்டுக்கு வாங்கின பிள்ளைன்னு அத்தை கிண்டல் பண்றாங்க. இது எப்படி சார்?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடல. எங்க வீட்லயும் என்னை அப்படித்தான் சொல்லுவாங்க, மூணு படி தவிடுன்னு விலை வேற!

சரி, விஷயத்துக்கு வரேன். ரத்த குரூப்புக்கு நம்ம எல்லார்கிட்டயும் ரெண்டு மரபணுச் சீட்டு இருக்கு. அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஏ சீட்டு என்ன பண்ணும்? சிவப்பணு மேல ஒரு சர்க்கரையை ஒட்டுற நொதியைச் செய்யும். பி சீட்டு வேற ஒரு சர்க்கரையை ஒட்டும். ஓ சீட்டுல அந்த நொதி வேலையே செய்யாது. அப்போ அப்பாகிட்ட ஒரு ஏ, ஒரு ஓ இருந்தா? ஏ மட்டும் ஒட்டிக்கிட்டே இருக்கும். டெஸ்ட்ல 'ஏ'ன்னுதான் வரும். ஓ ஒளிஞ்சிருக்கு, ஒழிஞ்சு போகல. எத்தனை தடவை சொல்லிட்டேன் இதை! ளகரம், ழகரம் பார்த்துக்கோங்க. அம்மாகிட்டயும் அதே கதை. ரெண்டு பேரும் ஒளிச்சு வச்சதைக் குடுத்தா நீங்க ஓ.

பட்டாணியிலயும் இதானே. மெண்டல் உருண்டையையும் சுருங்கினதையும் கலந்தப்போ முதல் தலைமுறையில எல்லாமே உருண்டை. அதை அதோட மகரந்தத்துலயே காய்க்க விட்டா 5474 உருண்டை, 1850 சுருங்கினது. டிகாஷனும் பாலும் கலந்த மாதிரி ஆகியிருந்தா சுருங்கினது திரும்பி வருமா? இது பல்லாங்குழி மாதிரி. சோழியும் புளியங்கொட்டையும் ஒரே குழியில கிடந்தாலும் சோழி சோழிதான்.

உடனே, "அப்போ நாலு பிள்ளையில ஒண்ணுதானே ஓ?"ன்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு பிரசவத்துக்கும் சீட்டு புதுசா குலுக்குறாங்க. நாலுமே ஓ-வா வரலாம், ஒண்ணுகூட வராமலும் போகலாம்.

உண்மையில என்கிட்ட நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. மெண்டலுக்கு முன்னாடியே பட்டாணியைக் கலந்து பார்த்தவங்க உண்டு. காணாமப் போனது திரும்பி வந்ததையும் பார்த்தாங்க. அப்புறம் ஏன் மெண்டல் பேர் மட்டும் நின்னுச்சு? அவர் உட்கார்ந்து எண்ணினார். அவ்வளவுதான்! வாத்தியார் பரீட்சையில தேறாத மனுஷன், இன்னைக்கு செக் நாட்டுல இருக்கிற ப்ரூன் ஊர் மடத்துத் தோட்டத்துல 1856-லேர்ந்து எட்டு வருஷம் பட்டாணி உரிச்சு எண்ணியிருக்கார். 1866-ல அச்சாச்சு. 1884-ல அவர் இறந்துட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது 1900-ல. எனக்கு இதை நினைச்சா இன்னும் ஆறல.

ஆங், அத்தை. தங்கச்சி, உங்க அப்பா ஒளிச்சு வச்ச அந்த ஓ, உங்க தாத்தாகிட்டேர்ந்தோ பாட்டிகிட்டேர்ந்தோதான் வந்திருக்கணும். அதே தாத்தா பாட்டிதானே அத்தைக்கும் அப்பா அம்மா? அத்தை என்ன குரூப்புன்னு ஒருதடவை கேட்டுட்டு வாங்க.