ஆர்டர் இருக்கு, கையில காசு இல்ல: ஆட்டோமேஷன் கம்பெனி எங்க சிக்குது?

மலேசியாவுல பினாங்கு பிறையில இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு. “நாங்க ஆறு பேர். கண்ட்ரோல் பேனல் கட்டி, பி.எல்.சி. (மெஷினை ஓட்டுற சின்னக் கம்ப்யூட்டர்) ப்ரோகிராமும் எழுதிக் கொடுக்குறோம். ஆர்டர் கூடிக்கிட்டே வருது, ஆனா கம்பெனி பெருசாகல. இன்னும் ரெண்டு ப்ரோகிராமர் எடுக்கலாமா?”

இப்போ வேணாம். முதல்ல கணக்கைப் போட்டுப் பாருங்க.

180,000 வெள்ளி (ரிங்கிட்) வேலை ஒண்ணுன்னு வச்சுக்குவோம். டெபாசிட் 30 விழுக்காடு, டெலிவரிக்கு 40, கமிஷனிங் (சைட்ல மாட்டி ஓட்டிக் காட்டுறது) முடிஞ்சு கையெழுத்தானா 20, மிச்சம் 10 ஒரு வருச ரிடென்ஷன், அதாவது கஸ்டமர் பிடிச்சு வைக்கிற பணம். சாமான் மட்டும் 95,000 வெள்ளி. டெபாசிட் 54,000. ஆக 41,000 உங்க கைக்காசு. மூணாவது மாசம் பேனலை இறக்குறீங்க, பில்லுக்கு கஸ்டமர் 60 நாள் கழிச்சுதான் கட்டுவார், பணம் வர்றது அஞ்சாவது மாசம். அதுவரைக்கும் இந்த வேலைக்கான சம்பளம் மாசம் 8,000, அது ஒரு 40,000. மொத்தம் 81,000 வெள்ளி உள்ள போய் உக்காந்திருக்கு. இதே மாதிரி மூணு வேலை ஒரே நேரத்துல ஓடுனா 243,000. ஆர்டர் கூடக் கூட உங்க கை வத்திப்போறது இதனாலதான். லாபம் 10 விழுக்காடுன்னா அந்த 18,000 முழுசும் ரிடென்ஷன்லயே மாட்டி நிக்குது, பாத்துக்குங்க.

அதனால கொட்டேஷனை மாத்துங்க. டெலிவரிக்கு வர்ற 40-ஐ ரெண்டா உடைச்சு, உங்க பட்டறையில எஃப்.ஏ.டி. (அனுப்புறதுக்கு முன்னாடி கஸ்டமர் வந்து பாக்குற டெஸ்ட்) முடிஞ்ச அன்னிக்கே 20 கேளுங்க. “எஃப்.ஏ.டி. முடிஞ்சும் சைட் தயாரா இல்லன்னா 30 நாள்ல டெலிவரி பில் போடப்படும்”னு ஒரு வரி. “மெஷினை உற்பத்திக்கு 14 நாள் ஓட்டிட்டா ஏத்துக்கிட்டதா அர்த்தம்”னு இன்னொரு வரி. இந்த ரெண்டாவது வரி இல்லன்னா, மெஷின் நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், கையெழுத்து மட்டும் ஆறு மாசமா வராது.

சைட்ல “அண்ணே, இங்க ஒரு சென்சார் சேத்துப் போட்டுருங்களேன்”னு கேப்பாங்க. சென்சார் விலை கொஞ்சம்தான். ஆனா கேபிள் இழுக்கணும், டெர்மினல் வேணும், டிராயிங் திருத்தணும், ப்ரோகிராம்லயும் எச்.எம்.ஐ. (ஆபரேட்டர் பாக்குற ஸ்கிரீன்) அலாரத்துலயும் சேக்கணும், மறுபடி டெஸ்ட் பண்ணணும். அரை நாள் போச்சு. வேரியேஷன் ஆர்டர் (கூடுதல் வேலைக்கான ஆர்டர்) எழுத்துல வராம கை வைக்காதீங்க. பி.எல்.சி.யில சென்சாரும் மோட்டாரும் சேர்ற இன்புட் அவுட்புட்ல முதல்லயே 20 விழுக்காடு காலியா விட்டுக் கட்டுனா, புது கார்டு தேடி ஓட வேண்டியிருக்காது.

இனி நேரம் எங்க போகுதுன்னு பாப்போம். ஒவ்வொரு வேலைக்கும் மோட்டார் லாஜிக்கைப் புதுசா எழுதுறீங்கன்னா, பத்து ப்ரோகிராமர் எடுத்தாலும் பத்தாது. மோட்டாருக்கு ஒரே ஃபங்ஷன் பிளாக் (ஒரு தடவை எழுதி எல்லா வேலையிலயும் போடுற ப்ரோகிராம் துண்டு): ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ மேனுவல், இன்டர்லாக் (ஆபத்துன்னா ஓட விடாத தடுப்பு), ஓவர்லோட் ட்ரிப் (பாரம் கூடுனா தானா நிக்கிறது), கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுற ஸ்விட்ச்) ஃபீட்பேக் 2 விநாடிக்குள்ள வரலன்னா அலாரம். வால்வுக்கு ஒண்ணு, அனலாக் சிக்னலுக்கு (சூடு, அழுத்தம் மாதிரி ஏறி இறங்குற அளவு) ஒண்ணு. பி.எல்.சி.யில ரெண்டு பிராண்டோட நிறுத்திக்குங்க. சீமென்ஸ், மிட்சுபிஷி, ஓம்ரான்னு எல்லாத்தையும் தொட்டா, ஒவ்வொண்ணுக்கும் லைசென்ஸ், ஸ்பேர், பழகுன ஆள் தனித்தனியா வேணும். கமிஷனிங் முடிஞ்ச அன்னிக்கே கடைசி ப்ரோகிராமை ஆபீஸ் சர்வர்ல ஏத்துங்க. பழைய ரகம் பலதுல பி.எல்.சி.யில இருந்து திரும்ப எடுத்தா கமெண்ட், அதாவது நீங்க எழுதி வச்ச குறிப்பு, எதுவும் வராது. அப்புறம் எது எந்த மோட்டார்னு தடவிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

திரும்பத் திரும்ப சைட்டுக்குப் போக வைக்கிற தப்பு ரெண்டு. ஒண்ணு சூடு. மோட்டார் வேகத்தை மாத்துற 22 கிலோவாட் இன்வெர்ட்டர் 3 விழுக்காட்டைச் சூடா விட்டா 660 வாட். நம்ம ஊர்ல 35 டிகிரி இருக்குற ஹாலில், மூடுன பேனலுக்குள்ள அதை வச்சா மத்தியானம் ட்ரிப் ஆகும், காலையில நல்லா ஓடும். மேலயும் கீழயும் 100 மில்லிமீட்டர் இடைவெளியும் ஃபில்டர் ஃபேனும் வேணும், ஃபில்டரைத் துடைக்கிறது யார்னு ஒப்பந்தத்துலயே எழுதணும். இன்னொண்ணு, சென்சார்ல இருந்து வர்ற 4-20 மில்லிஆம்ப் சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோட ஒரே ட்ரங்கிங்ல (கேபிள் போற பெட்டிக் குழாய்) போடுறது. மோட்டார் கேபிளோட மின் இரைச்சல்ல ரீடிங் குதிக்கும், சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னு மாத்துவாங்க, அப்பவும் குதிக்கும். பினாங்குத் தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ் கஸ்டமர்கிட்ட இந்த ஒண்ணுக்காகப் பாலம் தாண்டிப் போய் வந்தா ஒரு நாள் காலி. பாலத்துல நிக்கிற நேரத்துக்கு யாரும் பில் கட்டப் போறதில்ல.

பாயான் லெப்பாஸ் 1972-ல இருந்து எலக்ட்ரானிக்ஸ் பூமி. செமிகண்டக்டர் (சிப்) தொழில் மந்தமானா அங்க எல்லா ஆர்டரும் ஒண்ணா நிக்கும். அதனால செம்பனை ஆலை, உணவுத் தொழிற்சாலை, கழிவுநீர் பிளான்ட் இதுல ரெண்டு சர்வீஸ் ஒப்பந்தமாவது பிடிச்சு வைங்க.

ஆள் எடுக்குறதுன்னா முதல்ல டிராயிங்கும் சாமான் ஆர்டரும் பாக்குற ஒருத்தர். இப்போ உங்க நல்ல ப்ரோகிராமர்தான் ரிலே எண்ணிக்கிட்டு இருப்பார். மலேசிய ஊழியர் 10 பேரானா எச்.ஆர்.டி. கார்ப் (ஊழியர் பயிற்சிக்கான அரசாங்க அமைப்பு) லெவி சம்பளத்துல 1 விழுக்காடு கட்டாயம். கட்டுற அந்தப் பணத்தை பி.எல்.சி. பயிற்சிக்கு எடுத்துக்குங்க, சும்மா கிடக்க விடாதீங்க.