மரச்சீனி இல்லாமல் ஒன்பது நாள்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் ஐப்பசி மழை. தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பேசலாம்தான். ஆனால் அடுக்களையில் அம்மா மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, அவித்துக்கொண்டிருக்கிறாள். அந்த மணத்துக்கு நடுவில் உட்கார்ந்து, சோற்றையும் கிழங்கையும் நிறுத்திய கதையைப் பேசுகிற அளவுக்கு எனக்கு இன்னும் மனக்கட்டு வரவில்லை.

இந்தச் சேனலை மூன்று வருடமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் காட்டியதெல்லாம் தின்பதுதான். களியக்காவிளைச் சந்தை, தேங்காய்ப்பட்டணத்து மீன், பாறசாலைப் பக்கம் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும், எங்கள் வீட்டு மரச்சீனியும் சாளை மீன்கறியும். தின்றதெல்லாம் எங்கே போகும்? எடை 86.4 கிலோ. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே என்றால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், எல்லையில் நிறுத்திவைத்த லாரி மாதிரி.

மருந்து வேண்டாம், சோற்றையும் கிழங்கையும் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். எவ்வளவு குறைப்பது என்று கேட்டேன். “பார்த்துக் குறைங்க” என்றார். பார்த்துத்தானே இவ்வளவு நாளும் தின்றேன்!

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, ஒரு சின்னத் தராசு வாங்கியது. அம்மா வழக்கமாகப் போடுகிற சோற்றை அதில் வைத்துப் பார்த்தேன். 350 கிராம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஆக ஒரு தட்டில் கிட்டத்தட்ட 100 கிராம். இரண்டு வேளைக்கு 200. அது போகட்டும், சோற்றைப் பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது. என்னை அசரவைத்தது சாயாதான். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். ஒரு கிளாசுக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு சாயா, 32 கிராம். கூடவே நாலு மணிக்கு ஒரு பழ பஜ்ஜி. சாப்பாடு என்ற கணக்கிலேயே நான் சேர்க்காத பொருட்கள் இவை.

2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வில் இந்தியா முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். கேரளத்தில் மட்டும் 25 சதவீதத்துக்கு மேல். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் கேரளம். ஓட்டு இந்தப் பக்கம், வயிறு அந்தப் பக்கம்.

சரி, என்ன முறை எடுத்தேன் என்று சொல்கிறேன். கட்டம் கட்டமாக மாவுச்சத்தைக் கட்டுப்படுத்துகிற முறைகளில் பிரபலமானது நியூயார்க் டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் 1972-இல் பரப்பியது. அதன் பிந்தைய வடிவத்தில் முதல் கட்டத்தில் நாளைக்கு 20 கிராம்தான் மாவுச்சத்து, நார்ச்சத்தைக் கழித்த பிறகு. அதற்குப் பிறகு வாரத்துக்கு 5 கிராமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். படித்தவுடன் மூடிவைத்துவிட்டேன். எனக்குக் கணக்கு அவ்வளவு வராது. நான் எடுத்தது சவுத் பீச் முறை. மயாமியில் இருக்கிற ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற இதய டாக்டர் தன் நோயாளிகளுக்காக உருவாக்கியது, 2003-இல் உலகம் முழுக்கப் பரவியது. இதயக் குழாயில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து ஒரு எண் சொல்வார்களே, அகாட்ஸ்டன் ஸ்கோர், அதே ஆள்தான். அப்புறம் பெயரைப் பாருங்கள், தென் கடற்கரை. குளச்சலும் முட்டமும் வைத்திருக்கிற நமக்கு இது பொருந்தாதா என்ன?

இதில் மூன்று கட்டம். முதல் கட்டம் 14 நாள்: அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், சீனி, மது எதுவும் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம், அதுவும் தவிடு போகாத தானியம், பழம் என்று பார்த்து. நினைத்த எடை வரும்வரை அதிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது கட்டம் காலத்துக்கும். கிராம் எண்ண வேண்டியதில்லை, எது வேண்டும் எது வேண்டாம் என்பதுதான் கணக்கு. எனக்குப் பிடித்தது அந்த 14 என்ற எண். வாழ்நாள் முழுக்கக் கிழங்கு இல்லை என்றால் முதல் நாளே அடுக்களைக்குள் ஓடியிருப்பேன்.

பட்டியலை எழுதிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நம் தட்டில் நடுவில் இருக்கிற சோற்றையும் கிழங்கையும் எடுத்துவிட்டால், சுற்றி இருக்கிற எல்லாமே அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கிறது. சாளை, அயிலை, நெத்திலி, முட்டை, முருங்கைக்கீரை துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), வாழைப்பூ துவரன், சிறுபயறு அளவாக, மோர். மயாமிக்காரர்களுக்கு சால்மன், நமக்கு சாளை. சாளைக்கும் நல்ல கொழுப்பு உண்டு, விலையும் குறைவு. ஒரு சிக்கல், நம் கூட்டுகள் எல்லாம் சோற்றுக்காகச் செய்தவை. சோறு இல்லாமல் தின்றால் உப்பும் புளியும் தூக்கி அடிக்கும். மீன்கறியில் புளியைப் பாதியாக்கினோம், துவரனை இரண்டு மடங்கு வைத்தோம். துவரன்தான் இப்போது என் சோறு.

தேங்காய் விஷயத்தில் மட்டும் நான் அந்த டாக்டர் சொன்னபடி நடக்கவில்லை. அவர் இதய டாக்டர், நிறைவுற்ற கொழுப்பு அவருக்கு ஆகாது. ஒலிவ எண்ணெய் மாதிரியானதைத்தான் சொல்கிறார். தேங்காயில் மாவுச்சத்து குறைவு, ஆனால் கொழுப்பு அந்த வகை. தேங்காய் இல்லாமல் அவியலா? பாதியாகக் குறைத்தேன், பொரிப்பதை நிறுத்தினேன். அதற்கு மேல் முடியாது, இந்த மண்ணில் பிறந்தவன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தலை இடி இடித்தது. கால் தளர்ந்து, யார் பேசினாலும் எரிச்சல். மனைவி பயந்துவிட்டாள். காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியே தள்ளுகிறது. மோரில் உப்புப் போட்டு, இஞ்சி தட்டி, இரண்டு கிளாஸ் குடித்தேன். சாயந்திரத்துக்குள் தேவலை. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாலாம் நாள் ஒரு முட்டாள்தனம். கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பிஸ்கட் பாக்கெட் பார்த்தேன். ஆகா என்று வாங்கி, பால் இல்லாத கட்டன் சாயாவோடு ஆறு தின்றுவிட்டேன். அப்புறம்தான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பொருட்கள் பட்டியலில் முதலில் இருந்தது மைதா. சீனி போடவில்லை, உண்மைதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் முன்பக்கத்தை மட்டும் படித்தேன். எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். இனி நீங்களும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

ஆறாம் நாள் கல்யாணம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மண்டபம், மனைவி வழிச் சொந்தம், பாதிப் பேர் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தவர்கள். இலை போட்டாகிவிட்டது. சோறு வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தேன். பரிமாறுகிறவர் பக்கத்து இலைக்குப் போகவில்லை, நின்றார். “ஏன் அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?” பந்தியே திரும்பிப் பார்த்தது. டயட் என்று சொன்னால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். “வயிறு சரியில்லை” என்றேன். உடனே புளிசேரி வேண்டாம், ரசம் குடி என்று கரிசனம் ஆரம்பித்தது. அவியல், துவரன், இரண்டாம் தடவை அவியல், மோர் என்று ஓட்டினேன். அப்புறம் அடைப் பிரதமன் பாயசம் வந்தது. பக்கத்து இலைக்காரர் அதில் எங்கள் ஊர் மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, கையை வழித்து நக்கினார். நான் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசி என்பது பெரிய கஷ்டமே இல்லை மக்களே. முட்டையும் மீனும் தின்றால் பசிக்கிறதே இல்லை. நீட்டுகிற கையை மறுப்பதுதான் கஷ்டம்.

அதிலும் அம்மா. அவளுக்குக் கிழங்கு என்பது வெறும் கிழங்கு இல்லை. 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது எங்கள் பாட்டி தலைமுறையை உயிரோடு வைத்தது மரச்சீனிதான். கொல்லத்துக்கு வடக்கே போனால் இதற்குப் பெயர் கப்பை. எங்களுக்கும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கும் மரச்சீனி. அந்தக் கிழங்கை வேண்டாம் என்று மகன் சொன்னால் அவள் காதில் வேறு மாதிரித்தான் விழுகிறது. பச்சைக் கிழங்கு நூறு கிராமில் 38 கிராம் மாவுச்சத்து என்று சொல்லிப் பார்த்தேன். “உங்க தாத்தா 84 வயசு வரை தின்னாரு” என்றாள். தாத்தா காலையிலிருந்து மண்வெட்டி பிடித்தவர், நான் காமிரா பிடிப்பவன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலை எடை 83.7. ஒன்பது நாளில் 2.7 கிலோ. கைதட்டாதீர்கள். உடம்பு மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் போகிறது. ஆக என்னிடமிருந்து போனதில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கல்யாணச் சாப்பாடு தின்றால் பாதி திரும்பி வரும். ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையான மாற்றமாகத் தெரிவது வேறு: மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொருகுவது நின்றுவிட்டது.

இதையும் கேட்டுவிட்டுப் போங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்து நாளைக்கே சோற்றை நிறுத்தாதீர்கள். மருந்து அதே அளவில் இருக்க, சோறு மட்டும் நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரைகளோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதில் வேறொரு ஆபத்தும் உண்டு, ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் பேசாமல் தொடவே வேண்டாம். அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: ஜூன், ஜூலையில் தொடங்காதீர்கள். மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம், மீன் விலை கொடுத்துக் கட்டாது.

இன்னும் ஐந்து நாள். பதினைந்தாம் நாள் எதை முதலில் திரும்பக் கொண்டுவருவது என்று வீட்டில் விவாதம். மனைவி ஓட்ஸ் என்கிறாள். எனக்கு மட்டிப்பழம், ஒன்றே ஒன்று. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், அதற்கு அந்த மரியாதை வேண்டும். விரல் அளவுதான் இருக்கும் என்பதும் வசதி. அதைத் தின்று மூன்று நாள் பசியும் எடையும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கால் கப் சம்பா அரிசிச் சோறு. கிழங்கு அதற்கும் பிறகு, நல்ல சாளை வருகிற ஒரு நாளில், நூறு கிராம்.

நூறு கிராம் என்றால் எவ்வளவு என்று அம்மா நேற்றுக் கேட்டாள். தராசில் வைத்துக் காட்டினேன். இரண்டு துண்டு. கொஞ்ச நேரம் தராசையே பார்த்தாள். “இது பல்லு முளைக்கிற பிள்ளைக்குப் போடுற அளவுல்லா, மக்ளே” என்றாள்.

மழை விட்டுவிட்டது. கூப்பிடுகிறாள், போய் என் முட்டையைத் தின்கிறேன். பதினைந்தாம் நாள் பார்க்கலாம்.